வாசல்ல எத்தனை செருப்பு

சங்கனேரியில ஒரு டாக்டர் எப்படிப்பட்டவர்னு யாரும் அவரு படிச்ச படிப்பைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதில்ல, வாசல்ல கிடக்குற செருப்பைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. இருபது ஜோடி கிடந்தா கைராசிக்காரர், பத்து கிடந்தா பரவாயில்ல, அஞ்சுக்குக் கீழ போயிட்டா அந்த ஆளுக்கு ஊசி போடத் தெரியாதுன்னு அர்த்தம், வாசல் வெறிச்சுன்னு கிடந்தா வீட்டுல சொல்லிட்டுத்தான் உள்ள போகணும். முந்தி தேரடியில இருந்த கிழட்டு டாக்டர், காது சுத்தமா கேக்காமப் போன பிறகும் நெஞ்சுக்குழாயை ஒரு மரியாதைக்கு வச்சுப் பார்த்துக்கிட்டே பதினோரு வருஷம் வைத்தியம் பண்ணாருன்னா, அவரு வாசல்ல தினமும் முப்பது ஜோடி கிடந்ததுதான் காரணம், இன்னைக்கு முப்பது கிடந்ததுக்குக் காரணம் நேத்தும் முப்பது கிடந்தது.

அந்தக் கிழவர் காலமான கடையிலதான் டாக்டர் பூமயில் கிளினிக் போட்டாங்க. பூமயில் ஊருக்கு மேற்க இருக்கிற காலனியில பிறந்தவங்க. காலனியில மொத டாக்டர், சங்கனேரியிலயே மொத பெண் டாக்டர். காலனியிலேர்ந்து தேரடிக்கு வர ரெண்டு வழி உண்டு, மேலத்தெரு வழியா நடந்தா அஞ்சு நிமிஷம், கண்மாய்க்கரையைச் சுத்திக்கிட்டு வந்தா முக்கால் மணி நேரம். மேலத்தெருவுல மட்டும் ஒரு வழக்கம், காலனி ஆளுங்க அடிபம்பு கிட்ட வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கணும், பஜனை மடத்தைத் தாண்டுனதும் போட்டுக்கலாம். இதை யாரும் எங்கயும் எழுதி வைக்கல, அதனால யாராலயும் அழிக்கவும் முடியல. நடுவுல நூத்து நாப்பது தப்படி.

அதை எண்ணி வச்சிருந்தவர் பாக்கியநாதன். அவருக்கு அம்பத்தாறு வயசு, சோலை டாக்கீஸ்ல இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் கிழிச்சவர், டாக்கீஸ் கல்யாண மண்டபமா மாறுனதும் பூமயில் கிளினிக்குல டோக்கன் கொடுக்கவும் பெருக்கவும் சேர்ந்துக்கிட்டவர். காலனிக்குள்ள அவருக்கு பூமயில் 'பாப்பா', கிளினிக்குக்குள்ள 'டாக்டரம்மா'. பாப்பாவோ காலனிக்கு அனேகமா போறதில்ல, கிளினிக்குக்குப் பின்னாடி அறையிலயே படுத்துக்கிட்டாங்க, ஏன்னு கேட்டா அவசர கேஸ் வரும்னு சொல்லுவாங்க.

அவசர கேஸும் வரல, ஆற அமர வர்ற கேஸும் வரல. ரெண்டு மாசமா வாசல்ல கிடந்தது ரெண்டே ஜோடி, ஒண்ணு டாக்டரம்மாவோடது, இன்னொண்ணு பாக்கியநாதனோடது. மேலத்தெருக்காரங்ககிட்ட கேட்டா, அப்படியெல்லாம் எங்களுக்கு வித்தியாசம் இல்லப்பா, வாசல்ல செருப்பைக் காணோமே அதான்னு சொன்னாங்க. காலனிக்காரங்க வராததுக்குக் காரணம் வேற, நம்ம பிள்ளை பெரிய எடத்துல உக்காந்திருக்கு, நாம போயி வாசலை நெறச்சுட்டா மத்தவங்க வரமாட்டாங்க, பிள்ளை பொழப்பு கெட்டுப்போயிரும்னு, காய்ச்சலை வச்சுக்கிட்டு அவங்களே ஒதுங்கி இருந்துக்கிட்டாங்க. கடைச் சொந்தக்காரர் சீனிச்சாமி மேலத்தெருக்காரர், வாசல் காலியா இருக்கிற கடை வரிசைக்கே தரித்திரம், பொங்கலுக்குள்ள கூட்டம் வரலைன்னா அஞ்சு மாடிக்காரங்களுக்கு விட்டுருவேன்னு சொல்லிட்டாரு.

அஞ்சு மாடிங்கிறது ஜில்லாத் தலைநகர்ல புதுசா வந்த ஆஸ்பத்திரி. அவங்க தேரடியில வச்ச ஃபிளெக்ஸ் போர்டுல பத்து டாக்டருங்க கையைக் கட்டிக்கிட்டு சிரிச்சாங்க. எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னா வைத்தியம் யாரு பாக்குறதுன்னு பாக்கியநாதனுக்குச் சந்தேகம், ஆனா கூட்டம் போச்சு. இலவச முகாம் போட்டு மூட்டுவலிக்காரங்களுக்கு டீயும் பன்னும் ஒரு தொப்பியும் கொடுத்தாங்க, மூட்டுவலி அப்படியே இருந்துச்சு, தொப்பி நல்லா இருந்துச்சு. நாமளும் நோட்டீஸ் அடிப்போம், ஆட்டோவுல மைக் கட்டுவோம், நானே பேசுறேன்னு பாக்கியநாதன் நாலு தடவை சொல்லிப் பார்த்தாரு. டாக்டருங்க அப்படிக் கூவி அழைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குண்ணேன்னு டாக்டரம்மா நாலு தடவையும் சொல்லிட்டாங்க. போர்டுல பேரும் படிப்பும் மட்டும் போதும்.

போதாதுன்னு பாக்கியநாதனுக்குத் தெரியும். டாக்கீஸ்ல கூட்டம் இல்லாத படத்துக்கு அவங்க பண்ணுன வேலை என்னன்னா, மொதலாளி வீட்டுலயும் பக்கத்து மில்லுலயும் இருக்குற சைக்கிளையெல்லாம் கொண்டாந்து சைக்கிள் ஸ்டாண்டுல நிறுத்தி வைக்கிறது. சைக்கிளைப் பார்த்து ஆள் வரும், ஆளைப் பார்த்து இன்னும் ஆள் வரும். அவரு வாரச்சந்தைக்குப் போயி பழஞ்செருப்பு பதினோரு ஜோடி வாங்கியாந்தாரு, டாக்டரம்மா எந்திரிக்கிறதுக்கு முந்தி வாசல்ல பரப்புனாரு, சும்மா பரப்பல, ஒண்ணைக் கவுத்துப் போட்டாரு, ஒண்ணு மேல ஒண்ணை ஏத்தி வச்சாரு, ஒரு ஜோடியை அவசரமா வந்த ஆளு மாதிரி படியிலேர்ந்து தள்ளி விட்டாரு, நடந்தா பீப்பி சத்தம் போடுற குழந்தைச் செருப்பு ஒண்ணைப் பெரிய செருப்பு ஒண்ணோட ஒட்டி வச்சு, தள்ளி நின்னு பார்த்துத் திருப்திப்பட்டுக்கிட்டாரு.

டாக்டரம்மா வெளிய வந்து பார்த்தாங்க, உள்ள பார்த்தாங்க, மறுபடி வெளிய பார்த்தாங்க.

"பதினோரு ஜோடி இருக்கு. ஆள் எங்கண்ணே?"

"வருவாங்க டாக்டரம்மா. செருப்பு மொதல்ல வந்திருக்கு."

அள்ளிக் குப்பையில போடச் சொன்னாங்க. மனசு வராம அவரு ஒரு சாக்குல கட்டிப் பின்பக்கம் வச்சாரு. மறுநாள் விடியக்காலையில வந்து பார்த்தா பதினோரு ஜோடியும் அவரு வச்ச அதே வரிசையில வாசல்ல கிடந்துச்சு, கவுந்தது கவுந்தபடி, பீப்பி பக்கத்துல பெரிசு. அதோட கூட அவரு வாங்காத மூணு ஜோடி. நீல ரப்பர் செருப்பு ரேஷன் கடை எடைக்காரர் தவசிமணியோடது, ஊருக்கே தெரியும், வாரு அறுந்து ஊக்கு குத்தியிருக்கும்.

கொஞ்ச நேரத்துல தவசிமணி, எந்த நாய் இழுத்துட்டுப் போச்சோன்னு திட்டிக்கிட்டே வெறுங்காலோட வந்தாரு. வந்ததுதான் வந்தீங்க, ஒரு நிமிஷம் கையை நீட்டுங்கன்னு டாக்டரம்மா பிரஷர் பார்த்தாங்க, பார்த்துட்டு அவரை எந்திரிக்க விடல. மத்த ரெண்டு பேருல ஒருத்தருக்கு மஞ்சக்காமாலை, கண்ணு இன்னும் மஞ்சளாகக்கூட ஆரம்பிக்கல. இன்னொரு அம்மாவுக்கு ரத்தம் பாதிகூட இல்ல, வீட்டு வேலை செஞ்ச அசதின்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்களாம்.

அதுலேர்ந்து தினமும் வந்துச்சு. யாருக்கு உடம்புல ஏதாவது ஆரம்பிக்குதோ, அவங்களுக்கே தெரியிறதுக்கு முந்தி அவங்க செருப்பு விடியக்காலையில எந்திரிச்சு, ரோட்டோட இடது ஓரமா நடந்து, டாக்டர் பூமயில் வாசல்ல வந்து கழட்டி விட்ட மாதிரி கிடந்துச்சு. போஸ்ட் மாஸ்டர் இது பூமியோட காந்தம்னு சொன்னாரு, பூசாரி இது போன வருஷம் அம்மனுக்குக் கொடை நடத்தாத குத்தம்னு சொன்னாரு, டாக்டரம்மாகிட்ட கேட்டதுக்கு, செருப்பு ஏன் வருதுன்னு எனக்குத் தெரியாது, சர்க்கரை ஏன் வருதுன்னு தெரியும், அதைப் பார்ப்போம்னு சொல்லிட்டாங்க. ஊரும் அதோட காரணம் தேடுறதை விட்டுட்டு வழக்கம் பண்ணிக்கிச்சு. காலையில எந்திரிச்சதும் தங்க வீட்டு வாசல்ல செருப்பு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பல்லு விளக்குனாங்க. ஆறு மணி பஸ்ஸு டிரைவர் செருப்பு ரோட்டைக் கடக்குறதுக்கு பிரேக் போட்டுப் பழகிக்கிட்டாரு. செருப்பைக் கவ்வுறதே பொழப்பா இருந்த நாய்ங்க இப்ப வழியை விட்டு ஒதுங்கி உக்காந்துச்சு. ஒரே ஜோடியை மாத்தி மாத்திப் போட்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரு வீட்டுச் செருப்பு பாதி வழி வந்து யோசிச்சு நின்னுச்சு, ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பார்த்ததுல தம்பிக்குத்தான் காசம். இடது செருப்பு மட்டும் தனியா வந்தா இடது காது, இல்லைன்னா இடது கண்ணு. பொண்ணு பார்க்க வந்தவங்க நகை நட்டு பேசுறதுக்கு முந்தி, பொண்ணு செருப்பு வீட்டுல தங்குமான்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

அஞ்சு மாடி ஆஸ்பத்திரியிலேர்ந்து டை கட்டுன மார்க்கெட்டிங் மேனேஜர் ஒருத்தர் கார்ல வந்து இறங்குனாரு, எந்தக் கம்பெனிகிட்ட விளம்பரம் கொடுத்தீங்கன்னு பாக்கியநாதனைத் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சாரு. அவரு பேசிக்கிட்டு இருக்கும்போதே அவரோட பூட்ஸு லேஸை அவுத்துக்கிட்டு உள்ள போயி எடை பாக்குற மிஷின் மேல ஏறி நின்னுச்சு. சாக்ஸோட பின்னாடியே போனாரு. குடல்புண்ணு. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கிட்டு, ஒண்ணும் கேக்காம கார் ஏறிட்டாரு.

பாக்கியநாதன் செருப்பு மட்டும் ஒரு நாளும் கிளம்பல. எனக்கு இரும்பு உடம்புன்னு சொல்லிக்கிட்டாரு. தினமும் படுக்கும்போது அதைக் கட்டில் காலுக்கு அடியில சொருகி வைக்கிறதை யார்கிட்டயும் சொல்லல, ஆறு மாசமா உள்ளங்கால் பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கிறதையும் சொல்லல.

மார்கழி பாதியில காலனிச் செருப்புங்க வந்துச்சு. ஒன்பது ஜோடி, வரிசையா, மேலத்தெரு வழியா. அடிபம்பு கிட்ட வந்ததும் கையில எடுத்துக்கணும்தான், ஆனா எடுக்கிறதுக்கு அங்க கை இல்ல, அதனால அதுங்க பாட்டுக்குத் தரையிலயே நடந்து நூத்து நாப்பது தப்படியையும் தாண்டிப் போயிருச்சு. பின்னாடியே சொந்தக்காரங்க வெறுங்காலோட, ரெண்டு கையும் காலியா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தாங்க. வழக்கப்படி ஒரு தப்பும் இல்ல. ஆளு செருப்புப் போடல, செருப்புல ஆளு இல்ல. மேலத்தெருவுல யாரோ கம்பை வீசுனாங்க, செருப்பு விலகிக்கிச்சு. அடிக்கணும்னா முதுகு வேணும், செருப்புக்கு முதுகு கிடையாது. அந்தத் தெரு அன்னைக்கு முழுக்க என்ன பண்றதுன்னு தெரியாம வாசல் வாசலா நின்னுக்கிட்டிருந்துச்சு.

திங்கக்கிழமை சீனிச்சாமி அஞ்சாறு பேரோட கிளினிக்குக்கு வந்தாரு. டாக்டரம்மாவை நீன்னு சொல்லவும் முடியல, நீங்கன்னு சொல்லவும் வாய் வரல, அதனால சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டே பேசுனாரு. சண்டை போட வரல. வைத்தியத்துல குறை ஒண்ணும் இல்ல. மேலத்தெரு மொத்தமும் இனிமே இங்கதான், அஞ்சு மாடிப் பக்கம் யாரும் போகமாட்டாங்க. தேர்த் திருவிழா வளைவுல டாக்டர் பேரைப் பெரிசாப் போடுறோம். வாசல்ல நூறு செருப்பு கிடக்கும். கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், காலனிச் செருப்புங்களைக் கண்மாய்க்கரை வழியா வரச் சொல்லிடணும்.

பாக்கியநாதன் டோக்கன் மேசையில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாரு. நூறு செருப்பு. டாக்கீஸ்ல அவரு பார்த்த எந்த ஹவுஸ்ஃபுல்லும் அந்த வார்த்தைக்கு ஈடில்ல. கண்மாய்க்கரையும் ஒரு வழிதானே, செருப்புக்கென்ன கால் வலிக்கவா போகுதுன்னு ஒரு நிமிஷம் நினைச்சாரு, நினைச்சதுக்கு அப்புறம் தன்னோட கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு.

"நான் எந்தச் செருப்புக்கும் வழி சொன்னதில்ல அண்ணாச்சி," டாக்டரம்மா சொன்னாங்க. "சொல்லத் தெரிஞ்சாலும் இதைச் சொல்லமாட்டேன்."

வெள்ளிக்கிழமைக்குள்ள கடையைக் காலி பண்ணணும்னு காலண்டர்கிட்ட சொல்லிட்டு சீனிச்சாமி போயிட்டாரு. அன்னைக்கே மேலத்தெருக்காரங்க தங்களோட செருப்பையெல்லாம் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில கட்டிட்டாங்க. காலையில அதுங்க மரச்சட்டத்துல மோதுற சத்தம் தெருவெல்லாம் கேக்கும், கேக்காத மாதிரி காப்பி குடிப்பாங்க.

புதன்கிழமை விடிஞ்சு பாக்கியநாதன் எந்திரிச்சா கட்டில் இடம் மாறிக் கிடந்துச்சு, அடியில செருப்பைக் காணோம். வெறுங்காலோட கிளம்புனாரு. வாசல்ல போயி கிடக்கும், ஊர் பார்த்துச் சிரிக்கும்னு நினைச்சுக்கிட்டு வேகமா நடந்தவரு அடிபம்பு கிட்ட நின்னுட்டாரு. அவரு செருப்பு அங்கதான் இருந்துச்சு. மத்தவங்க செருப்பு மாதிரி தாண்டிப் போகல. வழக்கமா அவரு கழட்டுற அதே இடத்துல, குதிகால் அவரு பக்கமும் முன்பக்கம் தெருப் பக்கமுமா, காலுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சு.

அம்பது வருஷப் பழக்கத்துல குனிஞ்சு எடுத்தாரு. வரல. ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்தாரு, ஆட்டுக்கல்லைத் தூக்குற மாதிரி இருந்துச்சு. நிமிர்ந்து தெருவைப் பார்த்தாரு, செருப்பைப் பார்த்தாரு, அப்புறம் வலது காலை உள்ள விட்டாரு, இடது காலை விட்டாரு. விட்டதும் அது இறகு மாதிரி எழும்புச்சு.

ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்சாரு. முப்பதுல கோலம் போட்டுக்கிட்டிருந்தவங்க கை நின்னுச்சு. அம்பதுல யாரோ வீட்டுக்குள்ள ஓடுனாங்க. எழுபத்தி ரெண்டுல சீனிச்சாமி காப்பி டம்ளரோட வாசலுக்கு வந்தாரு.

"ஏ பாக்கியம், கால்ல என்னது?"

"செருப்பு, மொதலாளி."

"அது தெரியுது. கையிலல்ல இருக்கணும்?"

"தூக்கிப் பார்த்தேன். வரமாட்டேங்குது."

"கழட்டுறா."

பாக்கியநாதன் ஒரு காலைக் கொஞ்சம் முன்னால நீட்டுனாரு. குரலை உயர்த்தல, டாக்கீஸ்ல டார்ச் அடிச்சு சீட்டு காட்டுற அதே குரல்.

"எனக்கு வரல. நீங்க வேணா வந்து கழட்டிப் பாருங்க."

கழட்டணும்னா குனியணும். குனிஞ்சு அவரு காலைத் தொடணும். தெரு மொத்தமும் சீனிச்சாமியைப் பார்த்துச்சு, சீனிச்சாமி டம்ளரைப் பார்த்தாரு, ஜன்னல்ல கட்டியிருந்த அவரு செருப்பு ரெண்டு தடவை கம்பியில மோதுச்சு. பாக்கியநாதன் கொஞ்ச நேரம் காலை நீட்டுனபடியே மரியாதைக்குக் காத்திருந்துட்டு, எழுபத்தி மூணுன்னு நடந்தாரு.

கிளினிக்குல டாக்டரம்மா அவரு பாதத்தைத் திருப்பிப் பார்த்தாங்க. உள்ளங்கால்ல ஒரு கருவேல முள்ளு முழுசாப் புதைஞ்சு புண்ணாயிருந்துச்சு, எந்த நாள் குத்துச்சுன்னே அவருக்குத் தெரியல. பஞ்சால தொட்டாங்க, தெரியல. ஊசி முனையால தொட்டாங்க, தெரியல. சர்க்கரை ரொம்ப நாளா இருந்திருக்குண்ணே, இன்னும் ஒரு மாசம் வெறுங்காலோட நடந்திருந்தா இந்தக் காலை எடுத்திருப்பாங்கன்னு சொன்னாங்க. சொல்லிட்டு மாத்திரைகளை எழுதுனாங்க, கீழ ஒரு வரி எழுதி ரெண்டு கோடு போட்டாங்க. செருப்பு இல்லாமல் ஒரு அடிகூட நடக்கக் கூடாது, வாழ்நாள் முழுவதும்.

பாக்கியநாதன் அதை ரெண்டு தடவை படிச்சாரு.

"மேலத்தெருவுலயுமா டாக்டரம்மா?"

"மருந்துச் சீட்டுல தெருப் பேரு எழுதுற வழக்கம் இல்லண்ணே."

அப்புறம் பேனாவை மூடி வச்சாங்க. அவசர கேஸுக்காக இங்க படுக்கலண்ணே, அந்த நூத்து நாப்பதுக்குப் பயந்துதான் படுத்தேன், செருப்புக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லன்னு மெதுவாச் சொன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலமே பையை எடுத்துக்கிட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டு, மேலத்தெரு நடுவுல அவரோட நடந்து காலனிக்குப் போனாங்க. வியாழக்கிழமை முழுக்க அம்மா வீட்டு வாசல்ல உக்காந்து ஒவ்வொரு பாதமாத் திருப்பிப் பார்த்தாங்க, முள்ளு, ஆணி, வெடிப்பு, புழு ஏறுன புண்ணு, நூத்து நாப்பது தப்படியில ரெண்டு தலைமுறை எதையெல்லாம் மிதிச்சுச்சோ எல்லாம் அங்க இருந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு எழுதுனாங்க. நோய் இல்லாதவங்களுக்கு, வராம இருக்கன்னு எழுதுனாங்க.

வெள்ளிக்கிழமை காலையில நாப்பத்தி ரெண்டு பேரு, சட்டைப் பையிலயும் முந்தானை முடிச்சுலயும் சீட்டோட, கால்ல செருப்போட மேலத்தெரு வழியா நடந்து வந்தாங்க. யாரும் கோஷம் போடல. செருப்புத் தேய்ற சத்தம் மட்டும்தான், அதுக்கு ஈடா ரெண்டு பக்கமும் ஜன்னல்ல கட்டிக்கிடந்த செருப்புங்க தாளம் போட்டுச்சு.

பத்து மணிக்கு சீனிச்சாமி பெரிய பூட்டு ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு வந்தாரு. கட்டியிருந்த செருப்பை அவுத்துப் போட்டுக்கிட்டு வந்திருந்தாரு, பூட்டப் போற இடத்துக்கு வெறுங்காலோடவா போறதுன்னு. வந்தவரு வாசல்ல பழக்க தோஷத்துல கழட்டி விட்டுட்டு உள்ள போனாரு. பெஞ்சு, தரை, படி எல்லாம் ஆளு. பூட்டை டோக்கன் மேசை மேல வச்சாரு. காலி பண்ணணும்னு சொன்னாரு.

"இவங்களையெல்லாம் பார்த்து முடிச்சுட்டுப் பேசலாம் அண்ணாச்சி," பாக்கியநாதன் சொன்னாரு. மொதலாளின்னு சொல்லலைங்கிறது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைச்சுச்சு. "டோக்கன் நாப்பத்தி மூணு. உக்காருங்க."

சீனிச்சாமி உக்காரல. திரும்பி வெளிய வந்து செருப்புல காலை விட்டாரு, செருப்பு நகரல. குனிஞ்சு இழுத்தாரு, நாப்பத்தி ரெண்டு ஜோடிக்கு நடுவுல அது வேர் விட்ட மாதிரி நின்னுச்சு. ரெண்டு பேரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாரு. கடைசியில வெறுங்காலோட கிளம்புனாரு, தேரடி பார்க்க, பஜனை மடத்தைத் தாண்டித் தன்னோட சொந்தத் தெருவுக்குள்ள, கல்லு குத்தக் குத்தக் காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நடந்தாரு. யாரும் சிரிக்கல. பாக்கியநாதன் மட்டும் உதட்டுக்குள்ள எண்ணிக்கிட்டிருந்தாரு.

பூட்டு மேசை மேலயே இருந்துபோச்சு. சீட்டுங்க பறக்காம இருக்க அது நல்ல கனம்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் வாசல்ல ஒரு ஜோடி மிச்சம் கிடந்துச்சு. சீனிச்சாமியோடதை என்ன பண்றதுன்னு பாக்கியநாதன் கேட்டாரு. கிடக்கட்டும்ணே, செருப்பு இங்கயே நிக்குதுன்னா அவருக்கு நெஞ்சுல ஏதோ இருக்கு, எப்ப தெரியுதோ அப்ப வந்து போட்டுக்கட்டும், டோக்கனை எடுத்து வைங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் அவங்களே வெளிய வந்து, பேரும் படிப்பும் மட்டும் இருந்த போர்டைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, ஒரு வரி சேர்க்கலாம்ணே, இது விளம்பரம் இல்ல, மருத்துவ ஆலோசனைதான்னு சொன்னாங்க.

பாக்கியநாதன் ஸ்டூல் போட்டு ஏறி, சிவப்புப் பெயிண்ட்ல, தேரடியிலேர்ந்து பார்த்தாலும் மேலத்தெரு முனையிலேர்ந்து பார்த்தாலும் தெரியிற மாதிரி எழுதுனாரு:

வழியெல்லாம் செருப்போடு வரவும். வாசலில் மட்டும் கழற்றவும்.